நைல் நதியின் வெள்ளமும் கோயிற்படிகளும்

உலகின் தொன்மையான நாகரிகங்கள் பலவும் ஆற்றங்கரைகளில் தோன்றி வளர்ந்தன. சிந்து, யூப்ரடீஸ், டைகிரிஸ், மஞ்சளாறு, நைல் என அவ்வாறுகளின் பெயர்களைப் பள்ளிச் சிறாரும் அறிவர். இவற்றுள் நைல் நதி பண்டைய அறிஞர்களைப் பெரிதும் மயங்கச் செய்தது. ஆறு என்றால் மழைக்காலத்தில் பெருகுவதும் கோடையில் மெலிவதும் இயல்பு. எகிப்து நாட்டிலோ மழை மிக அரிது. அந்நாட்டின் தென்பகுதியில் ஆண்டுக்கணக்கில் ஒரு துளியும் பெய்யாமற் போவதுண்டு. அத்தகைய நாட்டில், கடுங்கோடை காயும் ஆனித் திங்களில், வானில் ஒரு மேகமும் இல்லாத வேளையில், ஆறு மெல்ல உயரத் தொடங்கும். ஆவணி, புரட்டாசித் திங்கள்களில் கரை கடந்து, வயல்களெல்லாம் கடல்போல் காட்சி தரும். கார்த்திகைக்குள் வடிந்துவிடும்.

ஆயிரமாயிரம் ஆண்டுகளாக நிகழ்ந்து வந்த இப்பெருக்கு இன்று எகிப்தில் இல்லை. 1964ஆம் ஆண்டுடன் அது நின்றுபோயிற்று. அவ்வெள்ளம் எங்கிருந்து வந்தது, கோயில்கள் அதனை எவ்வாறு அளந்தன, அது நின்றதனால் மக்கள் பெற்றது யாது, இழந்தது யாது என்பன அறியத்தக்க செய்திகளாகும்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குச் சென்ற கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், கோடையில் ஆறு பெருகுவது ஏன் என்று அந்நாட்டுக் கோயிற்குருமாரை வினவினார். விடை கிடைக்கவில்லை. தெற்கே மலைகளில் உறைபனி உருகுவதே காரணம் என்று தம் நாட்டார் சிலர் கூறியதையும் அவர் ஏற்கவில்லை. தெற்கே செல்லச் செல்ல வெப்பம் மிகுகின்றதே, அங்குப் பனி ஏது என்பது அவருடைய தடை. தடை நியாயமானதுதான். ஆயினும் உண்மை விடையும் தெற்கே மலைகளில்தான் இருந்தது. அம்மலையில் இருந்தது பனியன்று, மழை.

இரு தலைகள் கொண்ட ஆறு

நைல் நதியின் நீளம் ஏறத்தாழ 6,650 கிலோமீட்டர். உலகில் மிக நீண்ட ஆறு இதுவா, தென்னமெரிக்காவின் அமேசானா என்பதில் அளவையாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. நீரின் அளவை நோக்கினால் அமேசானுக்கு முன் நைல் ஒரு வாய்க்காலே. ஆப்பிரிக்காவில் 11 நாடுகள் இதன் வடிநிலத்தில் பங்குடையவை. தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடுவதால், எகிப்தியர் தம் நாட்டின் தென்பகுதியை மேல் எகிப்து என்றும், கடலையொட்டிய வடபகுதியைக் கீழ் எகிப்து என்றும் வழங்கினர். நிலப்படத்தில் மேலே இருப்பது கீழ் எகிப்தாகவும், கீழே இருப்பது மேல் எகிப்தாகவும் காணப்படுவதன் காரணம் இதுவே.

இவ்வாற்றுக்கு இரு பெருங்கிளைகள் உண்டு. வெள்ளை நைல் என்பது நடு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியிலிருந்து புறப்படுவது. ஜான் ஹானிங் ஸ்பீக் என்னும் ஆங்கிலேயர் 1858இல் அவ்வேரியைக் கண்டு, 1862இல் அதிலிருந்து ஆறு வெளியேறும் இடத்தையும் கண்டறிந்தார். உகாண்டா நாட்டில் ஜிஞ்ஜா என்னும் ஊருக்கு அருகில் அவ்விடம் உள்ளது. காந்தியடிகளின் அஸ்தியில் ஒரு பகுதி 1948இல் அங்கேயும் கரைக்கப்பட்டது. அவ்விடத்தில் அடிகளின் மார்பளவுச் சிலையை 1997இல் இந்தியப் பிரதமர் ஐ.கே. குஜ்ரால் திறந்து வைத்தார்.

வெள்ளை நைல் வடக்கே வரும் வழியில், இன்றைய தெற்கு சூடானில், சட் என்னும் பெருஞ்சதுப்பு நிலத்தில் புகுகின்றது. அரபு மொழியில் அச்சொல்லுக்குத் தடை என்பது பொருள். கோரையும் மிதக்கும் புல்லும் பின்னிக் கிடக்கும் அவ்விடத்தில் பரந்து தேங்கி, தன் நீரில் ஏறத்தாழப் பாதியை வெயிலுக்குப் பலி கொடுத்துவிட்டு ஆறு மெல்ல வெளிப்படும். அதனால் வெள்ளை நைலில் ஆண்டு முழுதும் நீர் உண்டு. ஆனால் வெள்ளம் அதிலிருந்து வருவதன்று.

வெள்ளத்தைத் தருவது நீல நைல். எத்தியோப்பியாவின் மலைநாட்டில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் தானா ஏரி உள்ளது. அதில் வந்து விழும் சிற்றாற்றின் ஊற்றை எத்தியோப்பியக் கிறித்தவர் புனித நீராகப் போற்றுகின்றனர். ஏரித் தீவுகளில் பழமையான மடங்கள் பல உள்ளன. நீல நைலை அந்நாட்டார் அபாய் என்பர். பெத்ரோ பயஸ் என்னும் எசுப்பானியப் பாதிரியார் 1618இலும், ஜேம்ஸ் புரூஸ் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1770இலும் அவ்வூற்றைக் கண்டனர். தாமே முதலில் கண்டதாகப் புரூஸ் பெருமை பேசிக்கொண்டார். அவ்வூற்றின் அருகே வாழ்ந்த மக்களுக்கு அது எந்நாளும் மறைந்திருந்ததில்லை என்பதை இவ்விருவர் கதையைக் கூறும் நூல்கள் பல மறந்துவிடுகின்றன.

சூன் முதல் செப்டம்பர் வரை எத்தியோப்பிய மலைகளில் பெருமழை கொட்டும். எரிமலைப் பாறை சிதைந்த கருமண்ணை அம்மழை வாரிக்கொண்டு, ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஆழமான பள்ளத்தாக்கின் வழியே சூடானுக்குள் இறங்கும். கார்ட்டூம் நகரில் இரு நைலும் கூடுகின்றன. அதற்கு வடக்கே அட்பரா ஆறும் எத்தியோப்பிய மழையைக் கொண்டு வந்து சேர்க்கின்றது. அதன்பின் நடுநிலக் கடல்வரை 2,500 கிலோமீட்டருக்கும் மேலாகப் பாலைவனத்தின் ஊடே செல்லும் நைலுக்கு வேறு துணையாறு ஒன்றும் இல்லை. எகிப்தை அடையும் நீரில் ஏறத்தாழ 85 விழுக்காடு எத்தியோப்பியாவிலிருந்து வருவது. வெள்ளக் காலத்தில் இப்பங்கு இன்னும் மிகும். இக்கணக்கை அன்பர்கள் நினைவிற் கொள்ளுதல் நலம். இக்காலத்து வழக்கு ஒன்று இதன்மேல் எழுந்துள்ளது.

வெள்ளத்தைக் கொண்டு ஆண்டு கணித்தோர்

பண்டை எகிப்தியர் தம் நாட்டைக் கறுப்பு நிலம் என்று அழைத்தனர். வெள்ளம் படியவிட்ட வண்டலின் நிறம் அது. வண்டல் எட்டாத பாலை செந்நிலம் எனப்பட்டது. ஒரு காலைக் கறுப்பு மண்ணிலும் மறுகாலைச் செம்மணலிலும் வைத்து நிற்கும்படி அவ்வெல்லை இன்றும் பல இடங்களில் கூர்மையாகத் தெரிகின்றது.

அவர்களுடைய ஆண்டு மூன்று பருவங்களை உடையது: வெள்ளப் பருவம், முளைப் பருவம், அறுவடைப் பருவம். நம் மரபில் ஆறு பருவம் வகுத்தனர். எகிப்தியருக்கு ஆற்றின் போக்கே காலத்தின் போக்கு ஆயிற்று. வானத்திலும் அவர்களுக்கு ஓர் அறிகுறி இருந்தது. வடநூலார் மிருகவியாதன் என்று கூறும் பேரொளி விண்மீன் ஏறத்தாழ 70 நாள் கண்ணுக்குப் புலப்படாதிருந்து, பின்பு ஒருநாள் விடியலில் கதிரவனுக்குச் சற்று முன்னர்க் கீழ்வானில் எழும். அதனையடுத்து வெள்ளம் வரும். 30 நாள் கொண்ட 12 திங்களும், மிகுதி 5 நாளும் சேர்த்து 365 நாள் கொண்ட ஆண்டை அவர்கள் வகுத்தனர்.

வெள்ளத்திற்கு ஹாப்பி என்னும் தெய்வத்தை வழிபட்டனர். ஆண்மகனின் தாடியும், பெண்ணுக்குரிய கொங்கையும், பருத்த வயிறும், நீலம் அல்லது பச்சை நிற மேனியும் உடையதாக அத்தெய்வத்தைத் தீட்டினர். வயிறு பருத்தது வளத்தின் குறியீடு. ஈன்று ஊட்டும் தாய்மை கொங்கையின் குறியீடு. தெற்கே அஸ்வானுக்கு அருகிலுள்ள எலிபண்டைன் தீவில் குனூம் என்னும் தெய்வம் வெள்ளத்தின் கதவுகளைத் திறந்து மூடுவதாக நம்பினர்.

உழவுமுறையும் வெள்ளத்திற்கு இயைந்தது. ஆற்றின் இருபுறமும் நிலத்தைப் பெரும் பாத்திகளாகக் கரையெடுத்துப் பிரித்தனர். வெள்ளம் வந்ததும் மடை திறந்து பாத்திகளை நிரப்பி, ஏறத்தாழ 40 நாள் முதல் 60 நாள் வரை நீரைத் தேக்கி வைத்தனர். வண்டல் அடியில் படியும். மண்ணின் உப்புக் கரைந்து நீரோடு போகும். வடித்த பின்பு ஈரமண்ணில் விதைத்தால் போதும். எருவும் வேண்டா, மறுபாய்ச்சலும் பெரும்பாலும் வேண்டா. உயர்ந்த தோட்டங்களுக்கு மட்டும் ஏற்றம் இறைத்தனர். நீண்ட கழியின் ஒரு முனையில் சாலும் மறுமுனையில் மண்கட்டிப் பாரமும் கொண்ட அக்கருவி, மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறை ஓவியங்களில் காணப்படுகின்றது. தமிழகத்துக் கிணற்றடியில் ஏற்றம் கண்டோர் அவ்வோவியத்தை ஒரு நோக்கில் அறிந்துகொள்வர்.

கோயிலில் அளந்த முழம்

வெள்ளம் ஆண்டுதோறும் வந்தது எனினும் ஒரே அளவில் வரவில்லை. குறைந்தால் மேட்டு நிலத்தில் நீரேறாது. மிகுந்தால் கரையும் ஊரும் அழியும். ஆகவே வெள்ளத்தை அளப்பது அரசுக்கும் குடிக்கும் இன்றியமையாத கடமையாயிற்று. அக்கடமை கோயில்களிடம் இருந்தது.

எலிபண்டைன் தீவின் கோயிலில் ஆற்றை நோக்கி இறங்கும் நீண்ட படிக்கட்டு உள்ளது. அதன் சுவரில் அளவுக் கோடுகள் பொறிக்கப்பட்டுள்ளன. கோம் ஓம்போ கோயிலில் வட்டக் கிணறு. எட்பு கோயிலில் நிலத்தடியில் இறங்கும் படிவழி. ஆற்று நீர் அடியில் ஊறி உள்ளே ஏறும். எத்தனையாவது படி முழுகிற்று என்று குருமார் பார்த்துக் கணக்கு வைப்பர். தெற்கே அஸ்வானில் எடுத்த அளவு வடக்கே செய்தியாகச் செல்லும். வெள்ளம் வந்து சேருமுன் அதன் தன்மையை ஊரார் அறிந்துகொள்ள இம்முறை உதவிற்று.

அளவுக்கு அவர்கள் கொண்டது முழம். முழங்கை முதல் நடுவிரல் நுனி வரை என்பதே அவர்கள் முழமும். எனினும் அரச முழம் என்பது அதனினும் சற்று நீண்டது. ஏறத்தாழ 52 சென்டிமீட்டர். ஆற்றின் உயரம் 16 முழம் எட்டினால் நல்லாண்டு. 12 முழத்தில் நின்றால் பசி. இதனை உரோமானியரும் அறிந்திருந்தனர். உரோமாபுரியின் வத்திக்கான் அருங்காட்சியகத்தில் சாய்ந்து கிடக்கும் நைல் தெய்வத்தின் பளிங்குச் சிலை ஒன்று உண்டு. அதன் மேனியில் ஏறி விளையாடும் குழந்தைகள் பதினாறு பேர். ஒரு குழந்தை ஒரு முழம்.

பழைய தெய்வங்களின் வழிபாடு மறைந்த பின்பும் அளத்தல் நிற்கவில்லை. கெய்ரோ நகரில் ஆற்றின் நடுவிலுள்ள ரோடா தீவில், கி.பி. 861இல் அப்பாசியக் கலீபா அல் முதவக்கில் ஆணைப்படி ஓர் அளவுக் கிணறு கட்டப்பட்டது. கல்லால் அடைத்த அக்கிணற்றின் நடுவே முழக்குறிகள் பொறித்த எண்பட்டைத் தூண் நிற்கின்றது. ஆற்றிலிருந்து மூன்று சுரங்க வழிகள் வெவ்வேறு உயரங்களில் நீரை உள்ளே விட்டன. வெள்ளக் காலத்தில் நீரின் ஏற்றத்தைத் தெருத்தெருவாக நாள்தோறும் கூவி அறிவிப்பதற்கு ஆட்கள் இருந்தனர். 16 முழம் எட்டிய நாளில் நகர வாய்க்காலின் கரையை வெட்டித் திறப்பது பெருவிழா. பாத்திமிய அரசர் காலத்தில் அவ்வளவு எட்டும் வரை கணக்கை வெளியிடலாகாது என்று தடை போட்டனர். ஆறு தயங்குகின்றது என்ற சொல் வெளியே வந்தால் தானிய வணிகர் பூட்டிவிடுவர், விலை ஏறிவிடும் என்ற அச்சமே காரணம். பதுக்கல் இன்று நேற்று வந்த பழக்கமன்று.

கெய்ரோவில் எடுத்த இவ்வளவுக் குறிப்புகள் கி.பி. 622 முதல் கிடைக்கின்றன. 1906இல் எகிப்துக்கு வந்து அங்கேயே பணிபுரிந்த ஹரால்டு எட்வின் ஹர்ஸ்ட் என்னும் ஆங்கில நீரியல் அறிஞர் அக்குறிப்புகளை ஆராய்ந்து, 1951இல் ஓர் உண்மையை வெளியிட்டார். நல்லாண்டும் தீயாண்டும் நாணயத்தைச் சுண்டினாற்போல் மாறிமாறி வருவதில்லை. குறைவான ஆண்டுகள் தொடர்ந்து கூட்டமாக வருகின்றன. நிறைவான ஆண்டுகளும் அவ்வாறே. இன்று கணிதத்தில் ஹர்ஸ்டின் பெயராலேயே ஓர் அளவெண் வழங்குகின்றது. பெயரறியாத குருமாரும் கிணற்றுக் காவலரும் படியெண்ணி எழுதி வைத்திராவிடில் அது தோன்றியிராது.

வெள்ளம் பொய்த்த ஆண்டுகள்

தொடர்ந்து வரும் குறைவான ஆண்டுகளின் கொடுமையை எகிப்தியர் கல்லில் வெட்டி வைத்தனர். அஸ்வானுக்கு அருகே செகேல் தீவிலுள்ள பாறையொன்றில், பழைய அரசன் ஜோசர் காலத்தில் ஏழாண்டு வெள்ளம் பொய்த்துப் பஞ்சம் வந்ததாகவும், குனூம் தெய்வத்திற்கு நிலக்கொடை அளித்தபின் வெள்ளம் மீண்டதாகவும் எழுதப்பட்டுள்ளது. ஜோசர் காலத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகு வெட்டிய எழுத்து அது. கோயில் நிலத்தின் உரிமையை நிலைநாட்டக் குருமார் எழுதியதாகவே அறிஞர் பலர் கருதுகின்றனர். ஆயினும் ஏழாண்டுப் பஞ்சம் என்ற நினைவு மக்களிடையே இருந்திராவிடில் அக்கதைக்கு வலிமை இராது. கி.பி. 1200 முதல் 1202 வரை நிகழ்ந்த பஞ்சத்தை அப்துல் லத்தீப் என்னும் பாக்தாத் மருத்துவர் நேரிற்கண்டு எழுதினார். பசியால் மனிதர் மனிதரை உண்ட செய்திகள் அதில் உள்ளன.

தமிழகத்தோடு தொடர்புடைய ஆண்டு ஒன்றும் இவ்வரிசையில் உண்டு. தாது வருடப் பஞ்சம் என்று முதியோர் கூறக் கேட்டிருப்போம். 1876இல் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. 1877இலும் இந்தியாவின் பெரும்பகுதி காய்ந்தது. அதே 1877இல் நைல் வெள்ளமும் மிகக் குறைந்து, மேல் எகிப்தில் நீரேறாத வயல்கள் தரிசாகி, மக்கள் பட்டினியால் மாண்டனர். இது தற்செயலன்று. நம் நாட்டுத் தென்மேற்குப் பருவமழையும் எத்தியோப்பிய மலைமழையும் ஒரே பருவத்தில் பெய்பவை. பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்திற்கு மாறாகச் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் இவ்விரு மழையும் பெரும்பாலும் ஒருங்கே மெலிகின்றன. குடகில் பெய்து காவிரியில் ஆடிப்பெருக்காக வரும் மழையும், அபாயில் பெய்து நைலில் வெள்ளமாக வந்த மழையும் ஒரு வகையில் உடன்பிறந்தவை. இந்தியாவில் அப்பஞ்சத்தில் அரைக் கோடிக்கு மேற்பட்டோர் இறந்தனர் என்பது கணக்கு. மழை பொய்த்தது ஒரு காரணம். மக்கள் மடியும்போதும் தானிய ஏற்றுமதி நிற்காதது மற்றொரு காரணம். எகிப்திலும் அரசின் கடனுக்காக வரி வாங்குவது நிற்கவில்லை.

மிளகு சென்ற வழி

நல்ல காலத்திலும் இவ்விரு நிலங்களுக்கும் உறவு இருந்தது. சேர நாட்டின் முசிறித் துறையில் யவனர் பொன் கொண்டு வந்து மிளகு கொண்டு சென்றதை அகநானூறு கூறுகின்றது. அம்மிளகு சென்ற வழி நைல் நதியே. செங்கடல் துறைகளில் இறக்கிய சரக்கை ஒட்டகத்தில் ஏற்றிப் பாலையைக் கடந்து, நைற்கரையிலுள்ள கொப்டோஸ் நகருக்குக் கொணர்வர். அங்கிருந்து படகில் அலெக்சாந்திரியாவுக்கு அனுப்புவர். கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததும், இன்று வியன்னா நகரில் உள்ளதுமான பாப்பிரஸ் தாள் ஒன்றில் முசிறி வணிகம் பற்றிய கடன் உடன்படிக்கையில் இவ்வழி குறிப்பிடப்படுகின்றது.

செங்கடல் துறையான பெரனிகேயில் கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியத் தாழி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. மற்றொரு துறையான குசேர் அல் காதிமில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானையோடுகள் கிடைத்தன. கணன், சாதன் என்னும் பெயர்களும், பானை ஒறி, அதாவது பானை உறி, என்னும் தொடரும் அவற்றில் உள்ளன. உறியில் தொங்கிய பானைக்குரியவன் எவ்வூரானோ, அந்நாட்டு ஆற்று நீரைப் பருகியிருக்கக் கூடும்.

மூழ்கிய கோயில்களும் எழுந்த கோயில்களும்

ஆங்கிலேயர் ஆதிக்கத்தில் 1902இல் அஸ்வானில் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. பருத்தி விளைச்சலுக்கு ஆண்டு முழுதும் நீர் தேவைப்பட்டதே அதன் நோக்கம். அதன் விளைவாக பிலே என்னும் தீவிலிருந்த ஐசிஸ் அன்னையின் திருக்கோயில் ஆண்டில் பல திங்கள் நீரில் நின்றது. எகிப்தின் பழைய சித்திர எழுத்தில் கடைசியாக வெட்டப்பட்டதாக அறியப்படும் கல்வெட்டு, கி.பி. 394ஆம் ஆண்டினது, அக்கோயிலில்தான் உள்ளது. சுற்றுலாப் பயணிகள் படகில் தூண்களுக்கிடையே சென்று பார்த்தனர். சுவரிலிருந்த வண்ணம் கரைந்து போயிற்று.

அணையை இருமுறை உயர்த்தியும் போதவில்லை. அதிபர் நாசர் ஆட்சியில் சோவியத் நாட்டின் உதவியோடு 1960இல் அஸ்வான் பேரணை தொடங்கப்பட்டு 1970இல் முடிந்தது. உயரம் 111 மீட்டர். நீளம் ஏறத்தாழ 3,800 மீட்டர். அதன் பின்னே 500 கிலோமீட்டர் அளவுக்கு நீண்டு சூடானுக்குள்ளும் புகுந்த ஏரியின் கொள்ளளவு ஏறத்தாழ 16,200 கோடி கன மீட்டர். மேட்டூர் அணையைப் போல் அறுபது மடங்கு என்றால் அதன் பெருமை விளங்கும். பல ஆண்டு வெள்ளத்தைச் சேர்த்து வைத்துப் பஞ்ச ஆண்டுகளின் கூட்டத்தைத் தாங்க வேண்டும் என்ற எண்ணத்திற்கு ஹர்ஸ்டின் ஆராய்ச்சியும் அடிப்படையாயிற்று.

அவ்வேரியில் மூழ்கவிருந்தது நூபியா என்னும் நாடு. ஏறத்தாழ ஒரு லட்சம் நூபிய மக்கள் எகிப்திலும் சூடானிலுமாகத் தம் ஊர்களை விட்டுக் குடிபெயர்க்கப்பட்டனர். ஆற்றங்கரையில் பேரீச்ச மரம் வளர்த்து வாழ்ந்தோர் ஆறே இல்லாத இடங்களில் குடியமர்த்தப்பட்டனர். கற்கோயில்களைக் காக்க உலகம் திரண்டது. இம்மக்களின் ஊர்களுக்காகத் திரளவில்லை.

1960 மார்ச்சுத் திங்களில் யுனெஸ்கோ அமைப்பு நூபியக் கோயில்களைக் காக்க உலக நாடுகளை வேண்டிற்று. இந்தியாவும் 1961–62இல் பி.பி. லால் தலைமையில் அகழாய்வுக் குழு ஒன்றை அனுப்பிற்று. அவர் அங்குக் கிடைத்த கறுப்பு சிவப்பு மட்கலங்கள் தென்னிந்தியப் பெருங்கற்காலக் கலங்களை ஒத்திருப்பதைச் சுட்டினார். ஒப்புமை வியப்புக்குரியதே. அது மட்டும் கொண்டு உறவு கூறிவிட முடியாது.

அபு சிம்பெல் என்னுமிடத்தில் இரண்டாம் ராம்சேஸ் மன்னன் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் மலையைக் குடைந்து அமைத்த இரு கோயில்கள் உள்ளன. வாயிலில் நான்கு பேருருவங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்தில் அமர்ந்துள்ளன. 1964 முதல் 1968 வரை அக்கோயில்களை ஆயிரத்துக்கு மேற்பட்ட பாளங்களாக அறுத்தனர். ஒரு பாளம் 20, 30 டன் எடையுள்ளது. 65 மீட்டர் மேலேயும் ஏறத்தாழ 200 மீட்டர் பின்னேயும் கொண்டுபோய், கான்கிரீட்டால் ஒரு செயற்கை மலை எழுப்பி அதனுள் மீண்டும் பொருத்தினர்.

அக்கோயிலின் கருவறைக்குள் ஆண்டில் இரு நாள் காலைக் கதிரொளி 60 மீட்டர் கடந்து நேரே புகும். கதிரவன் திருமேனி, அமூன், அரசன் ஆகிய மூவர் உருவங்களில் ஒளிபடும். நான்காவதாக உள்ள ப்தா, இருளோடு தொடர்புடைய தெய்வமாதலின், ஒளியின்றியே இருக்கும். மூலவர்மேல் கதிரொளி விழும் தமிழகத் திருக்கோயில்களைத் தரிசித்தோர்க்கு அக்கணக்கின் அருமை தெரியும். பெயர்த்து வைத்தபோதும் அவ்வமைப்பைக் காத்தனர். ஆயினும் பிப்ரவரி 21, அக்டோபர் 21 என்றிருந்த நாள்கள் இப்போது 22 ஆகிவிட்டன.

பிலேக் கோயிலையும் சுற்றித் தடுப்பணை கட்டி, நீரை இறைத்து, ஏறத்தாழ 40,000 கற்களாகப் பிரித்து, அருகிலிருந்த அகில்கியா தீவில் அடுக்கினர். 1980இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. உதவிய நாடுகளுக்கு நன்றிக்கடனாகச் சிறு கோயில்களை எகிப்து அளித்தது. அவற்றுள் ஒன்று நியூயார்க்கிலும், ஒன்று மாட்ரிட் நகரிலும் இன்று உள்ளன. அங்குப் படிகள் உண்டு. அவற்றைத் தொட ஆறு இல்லை.

பெற்றதும் இழந்ததும்

பேரணையால் எகிப்து பெற்றது பெரிது. 2,100 மெகாவாட் மின்னாற்றல் கிடைத்தது. வயல்கள் ஆண்டுக்கு இருமுறையும் மும்முறையும் விளைந்தன. 1984–85இல் எத்தியோப்பியாவில் மழை பொய்த்துப் பல லட்சம் பேர் இறந்தபோது, அதே மழையை நம்பிய எகிப்தில் பஞ்சம் தலைகாட்டவில்லை. ஏரி ஆண்டுக்காண்டு தாழ்ந்து, 1988 சூலையில் மின்னாக்கமே நின்றுவிடும் நிலை வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் பெய்த மழை காத்தது. அணையைப் பழிப்போர் இதனை மறத்தலாகாது.

இழந்ததும் சிறிதன்று. ஆண்டுதோறும் பத்துக் கோடி டன்னுக்கு மேல் வந்த வண்டல் ஏரியின் அடியில் தங்கிவிட்டது. அதற்கு ஈடாக உழவர் உரமூட்டைகளை வாங்குகின்றனர். வெள்ளம் கழுவிய உப்பு வயலிலேயே தங்கி, அதனை வடிக்கத் தனியே வடிகால் அமைக்க வேண்டியதாயிற்று. வண்டல் சேராத கழிமுகத்தைக் கடல் அரிக்கின்றது. வெள்ளத்தோடு கடலுக்குச் சென்ற சத்து நின்றதும், கடற்கரையில் மத்தி மீன்பாடு 1965க்குப் பின் பெரிதும் வீழ்ந்தது. ரோடா தீவின் அளவுக் கிணற்றுக்குச் செல்லும் சுரங்க வழிகள் அடைக்கப்பட்டுவிட்டன. காண வருவோர் படியிறங்கி, உலர்ந்த அடித்தளம் வரை சென்று தூணைப் பார்க்கின்றனர்.

மழைக்குரிய நாட்டின் கேள்வி

1959இல் எகிப்தும் சூடானும் ஓர் உடன்பாடு செய்தன. நைலில் ஆண்டுக்குச் சராசரியாக வரும் நீர் 8,400 கோடி கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 2,970 டி.எம்.சி., எனக் கொண்டனர். ஆவியாகும் 1,000 கோடியைக் கழித்து, எகிப்துக்கு 5,550 கோடியும் சூடானுக்கு 1,850 கோடியும் எனப் பிரித்தனர். கணக்கு முடிந்தது, மிச்சம் ஒன்றும் இல்லை. 85 விழுக்காடு நீரைத் தரும் எத்தியோப்பியா அவ்வுடன்பாட்டில் இடம்பெறவில்லை.

எத்தியோப்பியா 2011 ஏப்ரலில் நீல நைலின் குறுக்கே, சூடான் எல்லைக்கு அருகே, ஒரு பேரணையைத் தொடங்கிற்று. வெளிநாட்டுக் கடனை நம்பாமல் தன் குடிமக்களுக்குக் கடன் பத்திரம் விற்றும், அரசு ஊழியரின் ஊதியத்தில் பங்கு பெற்றும் கட்டிற்று. உயரம் 145 மீட்டர். கொள்ளளவு 7,400 கோடி கன மீட்டர். மின்னாற்றல் 5,150 மெகாவாட். 2020 சூலையில் நீர் நிரப்பத் தொடங்கி, 2025 செப்டம்பர் 9ஆம் நாள் அணை திறக்கப்பட்டது. வீட்டில் விளக்கில்லாத கோடிக்கணக்கான மக்களுக்கு மின்சாரம் வேண்டும் என்பது அந்நாட்டின் வாதம். பத்துக் கோடிக்கு மேற்பட்ட தன் மக்கள் ஏறத்தாழ முழுதும் இவ்வொரு நீரையே நம்பியுள்ளனர், பஞ்ச ஆண்டில் எவ்வளவு நீர் விடுவீர் என்று எழுதித் தர வேண்டும் என்பது எகிப்தின் வாதம். இரண்டிலும் நியாயம் உண்டு. மின்னாக்கத்திற்குப் பயன்பட்ட நீர் மீண்டும் ஆற்றில்தான் விழுகின்றது என்பதும், தொடர்ந்து மழை பொய்க்கும் ஆண்டுகளில் அதை எப்போது விடுவது என்பதே பூசல் என்பதும் கருதத்தக்கவை. பல ஆண்டுகள் பேசியும் இதில் கட்டுப்படுத்தும் உடன்பாடு ஏற்படாத நிலையிலேயே அணை திறக்கப்பட்டது.

அணை திறந்த சில வாரங்களில், 2025 செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும், நீல நைலில் பெருநீர் வந்தது. சூடானில் ஊர்கள் மூழ்கின. எகிப்தின் கழிமுகத்தில் மெனூபியா, பெகேரா மாவட்டங்களில் ஆற்றையொட்டிய தாழ்நிலங்களில் நீர் ஏறி, வீடுகளையும் பயிரையும் சூழ்ந்தது. முன்னறிவிப்பின்றித் திறந்துவிட்டதாக எகிப்து குற்றம் சாட்டிற்று. தங்கள் அணை இல்லாதிருந்தால் வெள்ளம் இன்னும் மிகுந்திருக்கும் என்று எத்தியோப்பியா மறுத்தது. அவ்வயல்களின் உழவர் படகிலேறிச் சென்று எஞ்சிய கதிரை அறுத்தனர்.